பாட்டு விடுதலை பெற்றது, படிப்பவன்?

ஆயக்குடி என்றால் கொய்யாப்பழம் என்பார்கள் சிலர். பழனிக்குக் காவடி தூக்கிச் செல்லும் கூட்டம் கடந்து போகும் ஊர் என்பார்கள் வேறு சிலர். எனக்கோ நினைவுக்கு வருவது மரத்தடி. கட்டணம் கட்டிப் படிக்க வகையற்ற வீட்டுப் பிள்ளைகள், உழவர் வீட்டுப் பிள்ளைகள், கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள், மர நிழலில் அமர்ந்து அரசுத் தேர்வுகளுக்குக் காசில்லாமல் பயிலும் ஊர் அது. மடம் கட்டிச் சோறு போட்டதைக் கல்வெட்டில் பொறித்துக்கொண்ட நாட்டில், மரத்தடியில் அறிவு வழங்குவோர் கல்வெட்டுத் தேடவில்லை.

அந்த ஊரில்தான், என்னிடம் படித்த மாணவன் ஒருவனைச் சென்ற திங்களில் சந்தித்தேன். பாரதியார் பாடல் ஒன்று அவனுக்குத் தேவைப்பட்டது. கைப்பேசியை எடுத்தான், ஏதோ ஒரு செயலியைத் திறந்தான். பெயர் கேட்டது, கொடுத்தான். தொலைபேசி எண் கேட்டது, கொடுத்தான். பிறந்த நாள் கேட்டது. நண்பர்களின் எண்களையெல்லாம் பார்க்க இசைவு கேட்டது. நீ நிற்கும் இடம் எது என்று கேட்டது. கண்ணிமைக்கும் நேரத்தில் அத்தனைக்கும் 'சரி' என்று விரலால் தட்டினான். ஒரு பாட்டுக்கு இவ்வளவு விலையா தம்பி என்றேன். சிரித்தான். "மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை சார்" என்றான்.

அந்தப் பாட்டுக்கு விலையே கிடையாது என்பது அவனுக்குத் தெரியாது. அது விலையற்றதானது எப்படி என்பது நமது இளைஞர் பலருக்கும் தெரியாது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

பாரதியார் 1921 செப்டம்பரில் மறைந்தார். வாழ்ந்த நாளில் வறுமை, மறைந்தபின் வாரிசுரிமை! குடும்பத்தார் முதலில் வெளியிட்டனர். பின்னர் நூல்களின் உரிமை பாரதி பிரசுராலயத்திடம் சென்றது. அது அச்சுக்கு மட்டும். அதற்குள் இசைத்தட்டு வந்தது, வானொலி வந்தது, பேசும்படம் வந்தது. பாட்டைப் பதிவு செய்து ஒலிக்கும் உரிமை தனியே விற்கப்பட்டு, வணிகர் ஒருவர் கைக்குப் போய், அவரிடமிருந்து 1940களில் ஏ.வி. மெய்யப்பன் கைக்கு வந்தது. தாளில் இருக்கும்போது ஒருவர் சொத்து. காற்றில் மிதக்கும்போது இன்னொருவர் சொத்து. ஒரே பாட்டு! கருவி புதிதாக வரும்போதெல்லாம் உடைமையும் புதிதாக முளைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் நாட்டில் இல்லை.

1947இல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாடல்கள் பட்டிதொட்டியெங்கும் முழங்கின. மறு ஆண்டு டி.கே. சண்முகம் தமது 'பில்ஹணன்' படத்தில் பாரதியின் பாட்டைச் சேர்த்தார். வந்தது வழக்கறிஞர் அறிவிப்பு. மேடைதோறும் பாரதி பாட்டை மக்களிடம் கொண்டு சென்ற நாடகக் கலைஞனைப் பார்த்து, 'இது எம் உடைமை' என்றது சட்டம்! சட்டப்படி அதில் பிழையில்லை. பிழை சட்டத்தில்தான் இருந்தது.

நாடு கொதித்தது. எழுத்தாளர்கள் கூடினர், பாரதி விடுதலைக் கழகம் தோன்றியது, வ.ரா. முன்னின்றார். பாரதியாரின் எல்லாக் கருத்தும் நமக்கு உடன்பாடல்ல. அது வேறு பேச்சு. ஆனால் அவர் பாட்டு ஒருவர் பெட்டியில் பூட்டப்படக் கூடாது என்பதில் பகுத்தறிவாளருக்கு இரண்டாம் எண்ணம் இருக்க முடியாது. மெய்யப்பன் பணம் எதுவும் பெறாமல் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார்; அந்தப் பெருந்தன்மையை மறைப்பது நேர்மையாகாது. 1949 மார்ச்சில், ஓமந்தூர் ராமசாமி அமைச்சரவைக் காலத்தில், பாரதி படைப்புகள் அரசுடைமையாகும் என்ற அறிவிப்பு வந்தது. குடும்பத்தாருக்கும் நூலுரிமை வைத்திருந்தவருக்கும் அரசு தொகை வழங்கியது. 1955இல், காமராசர் ஆட்சியில், யார் வேண்டுமாயினும் அச்சிடலாம் என்று அந்த உரிமை மக்களிடமே விடப்பட்டது.

வங்கத்தைப் பாருங்கள். தாகூர் மறைந்தது 1941இல். ஐம்பதாண்டு முடிந்து 1991இறுதியில் அவர் எழுத்து பொதுவாகியிருக்க வேண்டும். பத்தாண்டு நீட்டிச் சட்டத்தையே திருத்தினார்கள். 2001 வரை காத்திருந்தது வங்கம். தமிழகமோ கவிஞன் மறைந்த இருபத்தெட்டாம் ஆண்டில் அவன் பாட்டை நாட்டுக்கு ஆக்கிவிட்டது. பின்னர் பாரதிதாசன், அண்ணா எனப் பலர் நூல்களும் நாட்டுடைமையாயின. 2024இல் கலைஞரின் நூல்கள், குடும்பத்தார் தொகை எதுவும் பெறாமலேயே நாட்டுடைமையாக்கப்பட்டன.

நம் வீட்டுக் கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பெரியாரின் 'குடி அரசு' எழுத்துகளை வெளியிடும் உரிமை யாருக்கு என்று பெரியார் தொண்டர்களுக்குள்ளேயே வழக்கு எழுந்தது. 2009இல் சென்னை உயர் நீதிமன்றம் வெளியீட்டுக்குத் தடை தர மறுத்தது. தனியுடைமையை வாழ்நாளெல்லாம் சாடியவரின் எழுத்துக்கு உடைமை வழக்கா என்று மாற்றார் நகைத்தனர். நகைத்தவர்கள் வேதத்தைக் காதால் கேட்கவும் கூடாது என்று பூட்டி வைத்த பரம்பரையினர் என்பதை மறந்துவிட்டனர். ஆயினும் அந்த நகைப்புக்கு நாம் இடம் கொடுத்திருக்க வேண்டாம்.

எழுத்தின் கதை இது. படிப்பவன் கதை?

கழகத்தின் பழைய தோழர்கள் படிப்பகம் பற்றிப் பேசும்போது முகம் மலர்வார்கள். ஓலைக் கொட்டகை, ஒரு நீள் பலகை, மண்ணெண்ணெய் விளக்கு. 'விடுதலை' ஒன்று வரும், 'திராவிட நாடு' ஒன்று வரும். எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். அறியாத இருபது பேர் கேட்பர். முடிதிருத்தகத்திலும் தேநீர்க் கடையிலும் அதே காட்சி. ஒரு பிரதி, ஓராயிரம் காது! வாங்கிய ஏட்டை அடுத்தவரிடம் கொடுக்கலாம், கிழிந்தால் ஒட்டலாம், இருபதாண்டு பெட்டியில் வைக்கலாம். எவர் கேட்டார், எந்த வரியில் கைதட்டினார், எந்தப் பக்கத்தில் நிறுத்தினார் என்று குறித்துவைக்க எவரும் இல்லை.

குறிக்க விரும்பியவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. 1928இல் பாரதி பாடல்களையே வெள்ளையர் ஆட்சி தடை செய்து பிரதிகளைப் பறிமுதல் செய்தது. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி எதிர்த்து முழங்கினார். 1933இல் 'குடி அரசு' தலையங்கத்துக்காகப் பெரியாரும், வெளியிட்டவர் என்ற முறையில் அவர் தங்கை கண்ணம்மாளும் சிறைப்பட்டனர். ஆட்சி மாறியும் நோக்கு மாறவில்லை. 1950இல் 'ஆரிய மாயை' தீட்டிய அண்ணாவும், 'பொன்மொழிகள்' நூலுக்காகப் பெரியாரும் தண்டிக்கப்பட்டனர். நமது கூட்டங்களில் மேடைக்கு அருகே அமர்ந்து சுருக்கெழுத்தில் குறிப்பெடுத்த காவலர்கள் எத்தனை பேர்! ஆனால் குறிப்பெடுக்க ஓர் ஆள் வேண்டும். அவருக்குச் சம்பளம் வேண்டும். கூட்டத்தில் ஐயாயிரம் பேர் இருந்தால் ஐயாயிரம் பெயரையும் அவர் எழுத முடியாது. இன்று அந்தக் குறிப்பை நாமே எழுதி, நாமே நாள்தோறும் அனுப்பி வைக்கிறோம். பாட்டு பொதுவுடைமையாயிற்று, படிப்பவன் எவனோ ஒருவனுக்குத் தனியுடைமையாகிவிட்டான்.

'மடியில் கனமில்லை' என்ற பழமொழியைச் சற்று உரசிப் பார்ப்போம். வழிப்பறிக் கள்ளனுக்கு அஞ்சிய காலத்து மொழி அது. மடியில் பணம் இல்லாதவனைக் கள்ளன் விட்டுவிடுவான். இன்றைய கணக்கில் ஆளே பணம். எந்த வேளையில் விழித்திருக்கிறாய், எந்த நோய்க்கு மருந்து தேடினாய், எந்தத் தலைவன் பேச்சைக் கேட்டாய் என்பதெல்லாம் விற்பனைக்குரிய பண்டம். மேலும், இந்த நாட்டில் பெயரையும் ஊரையும் தெருவையும் சொன்னால் சாதியைக் கணித்துவிடும் கூட்டம் உண்டு. பெயரின் வாலை நறுக்க இந்த இயக்கம் பட்ட பாடு வீண்தானா? நறுக்கிய வாலைச் செயலி ஒட்டிவிட விடலாமா?

உடைமைக்கும் இதே கதிதான். 2009 சூலையில் அமெரிக்காவில் அமேசான் நிறுவனம், தன்னிடம் காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து இரண்டு மின்னூல்களை இரவோடு இரவாக அழித்தது. விற்றவரிடம் உரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்பியது, மன்னிப்பும் வந்தது. அழிக்கப்பட்டதில் ஒன்று ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984'. குடிமக்களைக் கண்காணிக்கும் ஆட்சியைப் பற்றிய நாவல் அது! 2019இல் மைக்ரோசாப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, விற்ற நூல்களும் கடையோடு மறைந்தன. படிப்பகத்துப் பெட்டியிலிருந்த 'திராவிட நாடு' இதழைக் கறையான் அரித்திருக்கலாம். அச்சகத்தார் வந்து எடுத்துப்போனதில்லை.

தனிமறைவு என்பது மேல்நாட்டுச் சரக்கு, பணக்காரர் கவலை என்று சிலர் பேசுகின்றனர். வரலாறு அறியாத பேச்சு. அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவில் அவ்வுரிமை அடங்கியிருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 1994இல் விளக்கியது ஒரு தமிழ் இதழின் வழக்கில்தான். சிறையிலிருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை 'நக்கீரன்' வெளியிட முனைந்தது. அதிகாரிகள் தடுக்கப் பார்த்தனர். மனிதனின் தனிவாழ்வுக்குக் காப்பு உண்டு, ஆனால் அதிகாரத்தில் இருப்போர் அதைக் கேடயமாக்கி ஏட்டுக்கு முன்கூட்டியே வாய்ப்பூட்டு இட முடியாது என்றது தீர்ப்பு. எளியவனுக்குத் திரை, ஆள்வோனுக்கு வெளிச்சம்! 2017 ஆகஸ்ட் 24இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து அதனை அடிப்படை உரிமை என்றே அறிவித்தனர். 2023இல் வந்த தனிமனிதத் தரவுச் சட்டம், இசைவு கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் பெற வழி செய்கிறது. அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ளவும் அதே சட்டத்தில் கதவு திறந்திருக்கிறது.

ஆயுத பூசையன்று கணிப்பொறிக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறார்கள் நம் அலுவலகங்களில். ஆளுக்கு ஆள் சட்டைப்பைக்குள் கம்பியில்லாக் கருவி வரும் என்று 'இனிவரும் உலகம்' நூலில் கணித்த பெரியார், அதற்குக் கற்பூரம் காட்டச் சொல்லவில்லை. குங்குமம் வைப்பவன் நிபந்தனையைப் படிப்பதில்லை. மந்திரம் புரியாமல் தலையசைத்த பழக்கம், 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானிலும் தொடர்கிறது.

மாணவனிடம் மதுரைத் திட்டத்தைக் காட்டினேன். 1998 பொங்கலில், உலகெங்கும் பரவிய தமிழர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்து தொடங்கிய மின்னூல் களஞ்சியம். பாரதி அங்கே இருக்கிறார். பெயர் கேட்கவில்லை, எண் கேட்கவில்லை. அவன் பாட்டை இறக்கிக்கொண்டான். பழைய செயலியை நீக்க எங்கே தொட வேண்டும் என்று கேட்டான். எனக்கும் உடனே தெரியவில்லை. இருவரும் தேடினோம். நீக்கும் பொத்தானைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று.