மல்: சென்னை ஆங்கிலேயரின் கேலிப்பெயர்

மல் என்பது சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த ஆங்கிலேயருக்கு வழங்கிய கேலிப்பெயர். மிளகுதண்ணீர் என்ற தமிழ்ச்சொல் ஆங்கிலேயர் வாயில் 'மல்லிகடானி' ஆனது. அதன் தலையை மட்டும் நறுக்கி எடுத்ததே மல். மட்டக்களப்பு வாவிக்கரை வீடுகளில் தடிமனுக்கு அவிக்கும் மல்லித் தண்ணிக்கும் இதற்கும் உறவில்லை.

மிளகுதண்ணீர் சோற்றில் விட்டுக் கரைத்துண்ணும் சாறு, இரசத்தின் உடன்பிறப்பு. ஆங்கிலேயர் விருந்தோ சூப்பில்தான் தொடங்கும். தமிழ்ப் பந்தியில் அதற்கு நிகரானது இல்லாததால், சென்னைச் சமையற்காரர்கள் இந்தச் சாற்றில் இறைச்சி சேர்த்துச் சூப்பாக்கினர். 1784ஆம் ஆண்டுப் பாடலொன்று, பெங்களூர்ச் சிறையில் கிடந்த ஆங்கிலேயரின் உணவாக மிளகுதண்ணீரையும் கஞ்சியையும் சொல்கிறது. கஞ்சியும் கேலிக்குத் தப்பவில்லை. படைப்பிரிவுகளின் காவலறைக்கு 'கஞ்சி ஹவுஸ்' என்று பெயர். அடைபட்டவர்களுக்குக் கஞ்சிதான் வழக்கமான உணவு.

சென்னை, பம்பாய், வங்காளம் என்ற மூன்று மாகாணத்து ஆங்கிலேயரும் ஒருவரையொருவர் பழித்துக்கொண்டனர். பம்பாய்க்காரர் 'டக்', அதாவது வாத்து: அங்கே உலர்த்தும் பொம்மிலோ மீனுக்குப் 'பம்பாய் வாத்து' என்று பெயர். வங்காளத்தார் 'குய்ஹை': வேலைக்காரரை அழைக்க அவர்கள் எழுப்பிய 'கோயி ஹை', அதாவது 'யாரங்கே', என்ற குரல். மூன்றிலும் தமிழ் அடுப்படியில் பிறந்தது மல் மட்டுமே.

பின்னாளில் இப்பெயரைச் சுமந்த சென்னைச் சேவையே மட்டக்களப்பையும் சிறிது காலம் ஆண்டது. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டை ஆங்கிலேயருக்குக் கைமாறியபின், இலங்கைக் கரையோரம் சென்னை அரசின் நிர்வாகத்துக்குள் வந்தது. சென்னையிலிருந்து வந்த வரி அலுவலர்களும் தென்னை மரங்களுக்கு விதித்த வரியும் 1797இல் கிளர்ச்சியை மூட்டின. 1798இல் ஆளுநராகப் பிரடெரிக் நோர்த் வந்தார். 1802இல் ஆட்சியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்கு முற்றாக நீங்கியது.

மல் என்ற சொல்லைப் பதிந்து காத்தது, ஹென்றி யூலும் ஏ. சி. பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி. பர்னல் சென்னைச் சேவையைச் சேர்ந்தவர், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். ஆகவே அவரும் ஒரு மல். நூல் அச்சேறுமுன் 1882இல் அவர் இறந்தார். அகராதியின் பெயரும் இதே இனத்தது: முகர்ரம் ஊர்வலத்தின் 'யா ஹசன், யா ஹுசைன்' முழக்கத்தை ஆங்கிலச் சிப்பாய்கள் திரித்த வடிவம் அது.

கேலிப்பெயர் வழக்கொழிந்துவிட்டது. மல்லிகடானி சூப்போ பிரித்தானியக் கடைகளில் தகரத்தில் அடைத்து இன்றும் விற்பனையாகிறது.