வேளைக்காரரின் விசுவாசம்

மகன் அப்சலோமின் கலகத்துக்கு அஞ்சித் தாவீது அரசன் எருசலேமை விட்டு வெளியேறிய நாளில், பெலிஸ்தரின் காத் நகரிலிருந்து வந்த வீரர் அறுநூறு பேர் அவனுடன் நடந்தனர். அவர்களுள் ஈத்தாய் என்பவனை அழைத்து, நேற்று வந்த அந்நியன் நீ, திரும்பிச் செல் என்று அரசனே விடைகொடுத்தான். இறப்பினும் பிழைப்பினும் பிரியேன் என்று அவன் உடன் சென்றான். பின்னர் நடந்த போரில் தாவீதின் சேனையில் மூன்றில் ஒரு பங்கு அவன் கையில் இருந்தது.

வேற்று நாட்டான் ஒருவன் காட்டிய இப்பற்றினைப் படிக்கும்போது, நம் திருகோணமலைப் பகுதியிலே வாழ்ந்த வேளைக்காரப் படையினர் நினைவுக்கு வருகின்றனர். தலைவனுக்கு இடர் வரும் வேளையில் உயிர் கொடுப்போம் என்று சூளுரைத்தவர் ஆதலின் இப்பெயர் பெற்றனர் என்பர். சோழரை வென்று பொலன்னறுவையில் அரசாண்ட முதலாம் விசயபாகு, இத்தமிழ்ப் படையினரைத் தன் சேவையிலேயே வைத்திருந்தான்.

கருநாடக மன்னனிடம் அவன் அனுப்பிய தூதரைச் சோழ நாட்டார் வழியிலே அங்கபங்கம் செய்தனர். சினங்கொண்ட மன்னன் 1085 அளவில் சோழர்மேற் படையெடுக்க ஆணையிட்டான். வேளைக்காரர் மறுத்தனர். மறுத்ததோடு நில்லாது, படைத்தலைவர் இருவரைக் கொன்றனர், அரசனின் தங்கையையும் அவள் மைந்தர் மூவரையும் சிறைபிடித்தனர், அரண்மனைக்குத் தீயிட்டனர். மன்னன் தப்பியோடிப் படை திரட்டி மீண்டான். கலகத் தலைவர்களை, கொலையுண்ட தளபதிகளின் சிதையருகே கொணர்ந்து எரித்தான் என்று சூளவம்சம் கூறுகிறது.

கொலையும் தீவைப்பும் எவ்வாற்றானும் ஏற்கத்தக்கன அல்ல. ஆயினும் அவர்களை வெறும் துரோகிகள் என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. தாவீதுக்கே இத்தகைய சோதனை நெருங்கி வந்ததுண்டு. சவுலுக்கு அஞ்சிக் காத் அரசன் ஆகீசை அவன் அண்டியிருந்தபோது, இஸ்ரவேலர்மேற் போர் மூண்டது. பெலிஸ்தப் பிரபுக்கள் அவனை நம்பாது திருப்பி அனுப்பிவிட்டனர். இனமா, அன்னமிட்ட கையா என்ற கேள்விக்கு அவன் விடைசொல்ல நேரவில்லை. வேளைக்காரரைத் திருப்பி அனுப்புவார் எவருமில்லை.

கலகத்துக்குப் பின் நிகழ்ந்ததே வியப்பு. விசயபாகுவின் 42ஆம் ஆட்சியாண்டிலே, நங்கைசாணி என்னும் பிராமணப் பெண் தன் கணவன் நினைவாகக் கந்தளாய்ச் சிவன் கோயிலுக்கு அறக்கட்டளை ஒன்று வைத்தாள். பாலமோட்டையிற் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு அதனைச் சொல்கிறது. அந்த அறத்தைக் காக்கும் பொறுப்பை அவள் யாரிடம் ஒப்புவித்தாள்? வலங்கை வேளைக்காரரிடம்! கைம்பெண் ஒருத்தியின் தருமத்துக்கு அவர்களினும் நம்பகமான காவலர் அவ்வூரில் இருந்திலர் போலும்.

மன்னன் 1110இல் மறைந்தபின், முகலன் என்னும் மகாதேரர் பொலன்னறுவைத் தந்ததாதுக் கோயிலின் காவலையும் அவர்களிடமே கொடுத்தார். வலங்கையர், இடங்கையர், வடுகர், மலையாளர் முதலியோர் ஒருங்குகூடி, தம் குலம் உள்ளளவும் காப்பதாக உறுதிமொழி கூறிக் கல்லிற் பொறித்தனர். சைவ அறத்துக்கும் பௌத்தப் பள்ளிக்கும் காவலர் ஒருவரே.

எனினும், முதலாம் பராக்கிரமபாகு உரோகணத்திற் போரிட்டுக்கொண்டிருந்த காலத்தில், கொட்டியாரத்து வேளைக்காரர் மறுபடியும் வாளெடுத்தனர். அக்கலகமும் அடக்கப்பட்டது, அவர்களுடைய ஊர்களை அரசன் பறித்துக்கொண்டான்.