கத்தியில் பொறித்த பெயர்

கடந்த வருடம் கொழும்பில் ஒரு கடையில் பெரிய வெட்டுக்கத்தியொன்று வாங்கினேன். இளநீர் சீவவும் வேலியோரப் பற்றைகளை வெட்டவும் உதவும் என்பது எண்ணம். விலை மலிவு. கண்ணாடிபோலப் பளபளத்த அலகில் 'ஜேர்மன் உருக்கு' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. நான்காவது இளநீரில் அலகு பிடியோடு முறிந்து என் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். பிடிக்குள் சென்றிருந்த இரும்பு சின்னவிரல் நீளங்கூட இல்லை. பிறர் சொல்வதைச் சரிபார்ப்பதையே முப்பது வருடமாகத் தொழிலாகக் கொண்ட நான், ஓர் இரும்புத்துண்டு சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறேன்.

இந்த ஏமாற்றுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் கனெக்ரிக்கட் மாநிலத்தில், பார்மிங்ரன் ஆற்றங்கரையில், 1826இல் கொலின்ஸ் சகோதரர் இருவரும் அவர்களது உறவினர் ஒருவரும் கோடரிப் பட்டறையொன்றைத் தொடங்கினர். அதுவரை கோடரி வாங்கியவர் அதனைத் தாமே சாணை பிடித்துக்கொள்ள வேண்டும். கொலின்ஸ் கோடரி தீட்டிய கூருடனேயே வந்தது. 1845 அளவில் அவர்கள் மச்சேத்தே எனப்படும் நீள்கத்திகளையும் செய்யத் தொடங்கினர். கரும்புக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று என வடிவங்கள் பெருகின. ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் இருந்தது. இலத்தீன் அமெரிக்காவில் அவற்றின் புகழ் எவ்வளவு பரவியதெனில், சில இடங்களில் கத்திக்கே 'கொலின்' என்று பெயராயிற்று. 1868இல் ஸ்பெயினுக்கு எதிராகக் கிளர்ந்த கியூபா மக்களிடம் துப்பாக்கியிலும் அதிகமாக இருந்தது கரும்பு வெட்டும் கத்திதான்.

பெயர் பரவினால் போலி பிறக்கும். இங்கிலாந்தில் செய்த கருவிகளில் கொலின்ஸ் முத்திரையைக் குத்தி விற்றவர்கள்மீது அந்த நிறுவனம் இலண்டன் சான்சரி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1857இல் நீதிபதி பேஜ் வூட் அளித்த தீர்ப்பு சட்ட மாணவர்களுக்குத் தெரிந்த ஒன்று: முறையீட்டாளர் அந்நிய நாட்டவரேயாயினும், தமது முத்திரையைத் திருடி மோசடி செய்வோரைத் தடுக்கும்படி கேட்க அவருக்கு உரிமையுண்டு. வணிகக் குறிகளுக்கும் பாதுகாப்பளித்த பரிஸ் உடன்படிக்கை கைச்சாத்தாக அப்போது இன்னும் 26 ஆண்டுகள் இருந்தன. பிற்காலத்துக் கொலின்ஸ் கத்திகளில் 'லெஜிற்றிமுஸ்' என்ற இலத்தீன் சொல்லைக் காணலாம். முறையானது, அசலானது என்பது பொருள். தான் அசல் என்று ஒரு கத்தி தானே சொல்லிக்கொள்ளவேண்டிய நிலை!

திருடியவர்களின் வீட்டிலும் திருட்டு நடந்தது. ஜேர்மனியின் சோலிங்கன் நகரத்து மலிவான கத்திகள் சில, இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரப் பெயரைத் தாங்கிச் சந்தைக்கு வந்தன. ஷெபீல்ட் உற்பத்தியாளர்கள் கொதித்தெழுந்தனர். 1887இல் பிரித்தானியா இயற்றிய வணிகக் குறியீட்டுச் சட்டத்தின் பின்னர் 'ஜேர்மனியில் செய்தது' என்ற வாசகம் அப்பொருட்களில் ஏறியது. மட்டமான சரக்கென்று மக்களை எச்சரிப்பதே நோக்கம். ஆனால் சோலிங்கன் தொழிலாளர் தரத்தை உயர்த்திவிட்டனர். வசை வாசகம் நற்சான்றாக மாறிற்று. 1938இல் சோலிங்கன் என்ற பெயரைக் காக்க ஜேர்மனியே சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. அந்த நற்சான்றின் நிழல்தான் என் கத்தியில் பொறித்திருந்தது.

அப்பாவாக இருந்தால் ஏமாந்திருக்கமாட்டார். யாழ்ப்பாணத்தில் நான் சிறுவனாக இருந்தபோது அவர் கத்தி வாங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எழுத்தைப் பார்க்கவே மாட்டார். அலகை ஒரு கண்ணால் நீளவாட்டில் நோக்கி வளைவு இருக்கிறதா என்று பார்ப்பார். நகத்தால் சுண்டிக் காதருகே பிடிப்பார். நுனியை மரக்குற்றியில் ஊன்றி மெல்ல வளைத்துவிட்டு, பழையபடி நேராகிறதா என்று கவனிப்பார். வளைந்தபடியே நின்றால் தோய்ச்சல் போதாது. கடைசியில் அரத்தை எடுத்து விளிம்பில் ஒரு இழுப்பு. அரம் வழுக்கினால் இரும்பு மிதமிஞ்சிக் கடினம், கல்லில் பட்டால் பல்லுப் பல்லாய் உடையும். வெண்ணெய்போல் அறுத்தால் அரைநாளில் மொட்டையாகும். அரம் சற்று முரண்டு பிடித்துக் கடித்தால் வாங்குவார். வயலில் நின்றபடி அரத்தால் தீட்டிக்கொள்ளக்கூடிய அந்த நடுப்பதமே வெட்டுக்கத்திக்கு வேண்டியது. சமையலறைக் கத்தியின் கடினத்தை அதில் தேடுவது பிழை.

மலிவென்பதும் குற்றமன்று. செலவை எங்கே மிச்சம்பிடித்தார்கள் என்பதே கேள்வி. 1911இல் தொடங்கிய பிரேசில் நாட்டு திரமொந்தினா நிறுவனத்தின் நீள்கத்திகள் விலை குறைந்தவை. மேற்பூச்சு கரடுமுரடு, மரப்பிடி வெறும் ஆணியடித்தது, கூரும் அரைகுறையாகவே இருக்கும். வாங்கியவர்தான் அரம் போடவேண்டும். ஆனால் உருக்கில் கரி அளவோடு இருக்கிறது, பிடியின் முழு நீளத்துக்கும் இரும்பு ஓடுகிறது. என் கத்தியைச் செய்தவரோ உள்ளே மிச்சம்பிடித்ததை மினுக்கத்தில் செலவழித்திருந்தார். ஒரு குறை மட்டும் திரமொந்தினாவிலும் உண்டு. பழைய கொலின்ஸ் அலகு பிடியருகே தடித்து நுனிநோக்கி மெலிந்து செல்லும், கை களைக்காது. இக்காலத்துத் தகடு வெட்டிச் செய்த அலகுகள் அடிமுதல் நுனிவரை ஒரே தடிப்பு. கனெக்ரிக்கட் தொழிற்சாலை 1966இல் மூடப்பட்டது.

சென்ற தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது லொறி ஸ்பிறிங் தகட்டில் கத்தி அடிக்கும் ஒருவரிடம் சென்றேன். அந்தத் தகட்டில் கரி சுமார் 0.6 வீதம், இத்தொழிலுக்கு ஏற்ற உருக்கு. "என்னத்துக்கு ஐயா, தேங்காய்க்கோ பற்றைக்கோ?" என்று கேட்டார். இரண்டுக்கும் என்றேன். சிரித்துவிட்டு, இரண்டு கத்தி வேண்டும் என்றார். அலகில் பெயர் ஏதும் பொறிப்பதில்லையா என்று விசாரித்தேன். "முறிஞ்சால் இங்கைதானே கொண்டு வரப்போறியள்" என்றார்.

தேங்காய்க்கான கத்தியை மட்டும் வாங்கிவந்தேன். கறுத்து, அழகில்லாமல் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அரம் போட்டுப் பார்த்தேன், முரண்டு பிடித்தது.