பொட்டிப்புரத்தில் புறப்படும் ஒரு தாள்

வெளியூர்க்காரர்கள் தேனி மாவட்டப் பொட்டிப்புரத்தை அறிந்தது நியூட்ரினோவால்தான். கண்ணுக்குப் புலப்படாத துகளை ஆராய, அவ்வூர் மலையைக் குடைந்து 50,000 டன் இரும்பில் கருவி அமைக்கத் திட்டம் போட்டார்கள். அதே மலையடிவாரத்தில் ஒரு பிள்ளை பெற்றோரை இழந்தால், அங்கிருந்து ஒரு தாளும் புறப்பட வேண்டும். மத்திய அரசின் 2016 இளைஞர் நீதி மாதிரி விதிகள் அதைப் படிவம் 22 என்கின்றன. அதுதான் சமூக விசாரணை அறிக்கை.

குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு ஒரு அழைப்பு, அல்லது பள்ளி ஆசிரியர் சொன்ன ஒரு தகவல். மாவட்டக் குழந்தைகள் நலக் குழு உத்தரவிட்டதும் சமூகப் பணியாளர் ஊருக்கு வருவார். 15 நாளுக்குள் அறிக்கை முடிய வேண்டும். இந்தத் தாளின் தரம் முழுவதும் பிள்ளை இருக்கும் வீட்டுத் திண்ணையில்தான் முடிவாகிறது. “எப்பலருந்து ஒங்ககிட்ட இருக்கான் ஆத்தா?” என்று கேட்டால், “வீரபாண்டித் திருவிழாவுக்கு முன்னாடி வந்தான்” என்றுதான் பதில் வரும். பதில் தப்பில்லை. அதைத் தேதியாக்குவதுதான் பணியாளரின் வேலை. பள்ளி வருகைப் பதிவையோ இறப்புச் சான்றையோ பார்த்துச் சரியாக எழுதலாம். பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று மாதத்தின் முதல் தேதியைப் போட்டுவிட்டும் போகலாம்.

அடுத்த கேள்வி இன்னும் கனமானது. பிள்ளை இருப்பது அம்மாச்சி வீட்டிலா, உறவில்லாத அடுத்த வீட்டிலா? ஏலத்தோட்ட வேலைக்குப் பெரியவர்கள் மலையேறிப் போகும் இந்தப் பக்கத்தில், பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் வளர்வது வழக்கம். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின்படி, பெற்றோரை இழந்து உறவினரிடம் இருக்கும் பிள்ளைக்கு உரியது நிதி ஆதரவு. பிறர் குடும்பத்தில் குழுவின் உத்தரவோடு வளர்ந்தால் அது வளர்ப்புப் பராமரிப்பு. இரண்டுக்கும் மாதம் 4,000 ரூபாய்தான். தொகை ஒன்றாக இருப்பதால் எந்தக் கட்டத்தில் டிக் அடித்தாலும் என்ன என்று தோன்றும். ஆனால் வளர்ப்புக் குடும்பத்தை மாதந்தோறும் நேரில் போய்ப் பார்த்துப் படிவம் 35 எழுதியாக வேண்டும். கட்டம் மாறினால் அந்த வருகையே இல்லாமல் போகும்.

வளர்ப்புப் பராமரிப்பு என்று முடிவானால் தாளோடு துணைத்தாள்கள் சேர்கின்றன. குடும்பத்தைப் பற்றிய அறிக்கை படிவம் 30, ஒப்படைக்கும் உத்தரவு படிவம் 32, பிள்ளையின் பதிவேடு படிவம் 34. பிறகு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, சென்னை இயக்குநரகம், டெல்லி அமைச்சகம். மேலே போகப் போகப் பிள்ளை மறைந்து எண் மட்டும் மிஞ்சுகிறது.

அந்த எண் எவ்வளவு தள்ளாடும் என்பதைக் காட்டியது தமிழ்நாட்டில் தொடங்கிய ஒரு வழக்குதான். மாமல்லபுரம் பகுதிக் காப்பகங்களில் நடந்த கொடுமை பற்றி வந்த பத்திரிகைச் செய்தியிலிருந்து 2007-இல் அது உச்ச நீதிமன்றத்தில் எழுந்தது. 2017 மே 5 அன்று நீதிபதிகள் மதன் லோகுர், தீபக் குப்தா அமர்வு, ஒவ்வொரு குழந்தைகள் இல்லத்தையும் பதிவு செய்யவும் குழந்தைகளின் தரவுத் தொகுப்பை உருவாக்கவும் கெடு விதித்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் அதே வழக்கில் இரண்டு கணக்குகள் எதிரெதிரே நின்றன. 2016–17 கணக்கெடுப்பில் இல்லங்களில் சுமார் 4.73 லட்சம் குழந்தைகள். 2018 மார்ச்சில் அரசு தாக்கல் செய்த விவரத்தில் 2.61 லட்சம். இடையில் இருந்த இரண்டு லட்சம் பேர் எங்கே என்று நீதிபதிகள் கேட்டார்கள். நம் கணக்கு முறையைப் பற்றி இதைவிட முக்கியமான கேள்வியை நான் கேட்டதில்லை. வீடு திரும்பினார்களா, வயது கடந்தார்களா, இருமுறை எண்ணப்பட்டவர்களா? மொத்தத் தொகையை மட்டும் அனுப்பும் முறையில் இதற்கு விடை தேட வழியே இல்லை.

அமெரிக்காவில் 1990-களிலிருந்து மாநிலங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, குழந்தை வாரியாக, எப்போது வந்தது, எங்கே இருக்கிறது, ஏன் வெளியேறியது என்று ஒன்றிய அரசுக்கு அனுப்புகின்றன. அங்கும் பிழைகள் உண்டு. ஆனால் பிழை எந்தப் பிள்ளையின் வரியில் என்று தேட முடிகிறது.

தமிழ்நாட்டுக்கு இது எட்டாத காரியமல்ல. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே கல்வித் தகவல் அமைப்பின் எமிஸ் எண் இருக்கிறது. பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ழ’ ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வொரு விதமாக மாறுவதால், ஒரே பிள்ளை இரண்டு பிள்ளையாகிவிடலாம். எமிஸ் எண்ணை இணைத்தால் அந்தக் குழப்பம் பெருமளவு தீரும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு குழந்தையின் அடையாளத்தை வெளியிடத் தடை விதிப்பதால், அந்த இணைப்பு குழுவுக்குள்ளேயே பூட்டப்பட்டிருக்க வேண்டும். மேலே போன கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேனிக்கே திரும்பி வந்து, எழுதியவர் கையாலேயே சரிபார்க்கப்பட வேண்டும். அவருக்குப் பயணப்படியும் போதிய நேரமும் தராமல் மென்பொருளை மட்டும் மாற்றிப் பயனில்லை.

மத்திய அரசின் 2024 வளர்ப்புப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகளின்படி, வளர்ப்புக் குடும்பம் இரண்டு ஆண்டுக்குப் பின் அந்தப் பிள்ளையைச் சட்டப்படி தத்தெடுக்கக் கோரலாம். முன்பு ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். ஒப்படைத்த நாளிலிருந்தே அந்த இரண்டு ஆண்டு ஓடத் தொடங்குகிறது. படிவம் 32-இல் மாதம் ஒன்று தவறினாலும், அம்மா என்று ஏற்கெனவே கூப்பிடத் தொடங்கிவிட்ட ஒரு பிள்ளையின் மனு ஒரு மாதம் தள்ளிப்போகும்.