மைக்செட்டு வால்வும் மார்ஷல் வால்வும்



மலருக்கு ஏதாவது எழுதிக்கொடு என்று நம் சங்கச் செயலாளர் கேட்டதும், "கிடார் ஆம்ப்ளிஃபயர் பற்றி எழுதட்டுமா சார்?" என்றேன். "அதுக்கும் மதுரைக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று சிரித்தார். சம்பந்தம் நிறையவே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நாங்கள் எலெக்ட்ரானிக்ஸ் படித்த காலத்தில் பாடத்திட்டத்தில் வால்வு கிடையாது. டயோடில் ஆரம்பித்து, டிரான்சிஸ்டர் ஏறி, ஐ.சி.யில் இறங்கிவிடுவோம். வால்வு என்பது முதல் அத்தியாயத்தில் ஒரே வரியில் வந்து போகும் தாத்தா மாதிரி. ஆனால் விடுதியில் கிடார் வாசித்த எங்கள் கோஷ்டிக்கு ஒரு சந்தேகம் தீரவே இல்லை. உலகமே வால்வைக் கைவிட்ட பிறகும், கிடார்காரன் மட்டும் ஏன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கிறான்? அதைப் பற்றிப் படிக்க எங்கே போவது?

பதில் கிடைத்த இடம் நூலகம் அல்ல, மேலூர் பக்கம் ஒரு மைக்செட் கடை. அந்தப் பெரியவர் நாற்பது வருடம் வால்வு செட்டு பார்த்தவர். "ஐயா, இதுல கிடார் போடலாமா?" என்று கேட்டதற்கு, "தம்பி, மைக்கு போட்டாலும் கிடாரு போட்டாலும் வால்வுக்கு ஒண்ணுதான், மனுசனுக்குத்தான் வேற" என்றார். பிறகு நான் புரட்டிய புத்தகங்கள் எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு எழுதிய உரை மாதிரிதான் இருந்தன.

கொஞ்சம் பின்னால் போவோம். 1904-ல் ஃபிளெமிங் டயோடு வால்வைச் செய்தார். 1906-ல் லீ டி ஃபாரஸ்ட் அதற்குள் மூன்றாவதாக ஒரு கம்பியை நுழைத்தார். சின்ன மின்சாரத்தைப் பெரிய மின்சாரமாக்கும் வித்தை அங்கே பிறந்தது. நம் ஊருக்கு அது வர அதிக காலம் ஆகவில்லை. 1924-லேயே சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமிச் செட்டியார் முயற்சியால் மதராஸ் மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பத் தொடங்கிவிட்டது. பணமில்லாமல் அது மூடப்பட்டு, சென்னை மாநகராட்சி 1930-ல் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. 1938-ல் அகில இந்திய வானொலி வந்தது. அடுத்த வருடம் திருச்சி நிலையம். நம் மதுரைக்கு நிலையம் கிடைக்க 1987 ஆகிவிட்டது என்பது வேறு விஷயம்.

ஆனால் மதுரைக்காரன் வால்வின் குரலைக் கேட்டது வானொலியில் என்பதைவிட சினிமாக் கொட்டகையில்தான் என்று சொல்லலாம். 1931-ல் 'காளிதாஸ்' பேசியதும் ஊருக்கு ஊர் டாக்கீஸ் முளைத்தது. மதுரை ராயல் டாக்கீஸார் எடுத்த 'சிந்தாமணி' 1937-ல் வெளிவந்து ஓடு ஓடென்று ஓடி, அந்தப் பணத்தில் கட்டிய தியேட்டருக்கே சிந்தாமணி என்று பெயர் வைத்தார்கள். பாகவதரின் குரலைக் கடைசி பெஞ்சு வரை கொண்டுபோனது திரைக்குப் பின்னால் இருந்த ஹாரனும், ப்ரொஜெக்டர் அறையில் சிவக்கச் சிவக்க எரிந்த வால்வும்தான். பிறகு 1952-ல் தங்கம் தியேட்டர் வந்தது. முதல் படம் 'பராசக்தி'. அவ்வளவு பெரிய கூடத்தை நிறைக்கும் வசனத்தை, டிரான்சிஸ்டர் இல்லாத அந்தக் காலத்தில், கண்ணாடிக் குழாய்கள்தான் தூக்கிச் சுமந்தன. சிந்தாமணியும் தங்கமும் இன்று இல்லை.

கொட்டகையில் இருந்த வித்தை தெருவுக்கு வந்ததுதான் மைக்செட். சுதந்திரப் போராட்டக் காலப் படங்களைப் பாருங்கள், காந்தியடிகள், நேரு முன்னால் நிற்கும் மைக்கில் 'சிகாகோ ரேடியோ' என்று எழுதியிருக்கும். பெயர்தான் சிகாகோ, கம்பெனி மோட்வானே குடும்பத்தாருடையது, அசல் இந்தியக் கம்பெனி. 1940-ல் தொடங்கிய டெல்லி அஹுஜா கம்பெனியின் பெட்டிகள் பின்னாளில் நம் கிராமங்களில் வீட்டுச் சொத்து மாதிரி ஆகிவிட்டன. கரண்டு இல்லாத ஊரில் கார் பேட்டரியை வைத்து, வைப்ரேட்டர் போட்டு, உயர்ந்த வோல்டேஜ் எடுத்துப் பாட்டுப் போட்டார்கள். வால்வின் ஃபிலமெண்ட் பேட்டரியைக் குடிக்கும். விடிவதற்குள் பாட்டு இழுத்து இழுத்து அடங்கிவிடும் என்று அந்தப் பெரியவர் சொல்லிச் சிரிப்பார். 1961-ல் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வால்வு தயாரிக்க ஆரம்பித்த பிறகு மெக்கானிக்குகளுக்கு நிம்மதி. பெல் முத்திரை போட்ட இ.எல். 84, இ.சி.சி. 83 இரண்டும் இன்றும் பழைய கடைகளில் அட்டைப்பெட்டியோடு கண்ணில் படுவதுண்டு.

இப்போது கடல் தாண்டிப் போவோம். லியோ ஃபெண்டர் என்பவர் கலிஃபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கிடார் வாசிக்கத் தெரியாது! நம் மைக்செட்காரர் மாதிரியே வாடகைக்கு ஒலிபெருக்கி கொடுத்துப் பிழைத்தவர். 1940-களின் நடுவில் கிடாருக்கென்று ஆம்ப்ளிஃபயர் செய்ய இறங்கினார். சர்க்யூட் எங்கிருந்து வந்தது? வானத்தில் இருந்து வரவில்லை. வால்வு கம்பெனிகள் தங்கள் சரக்கு விற்க வேண்டும் என்பதற்காக, 'இப்படி இப்படி இணைத்தால் இத்தனை வாட் கிடைக்கும்' என்று மாதிரிச் சர்க்யூட்டுகளைக் கையேடுகளில் அச்சிட்டுக் கொடுத்தன. ஃபெண்டரின் ஆரம்பகாலப் பெட்டிகள் அந்த வழியில் வந்தவை. பெட்டிக்குள் ஒட்டிய காகிதத்தில், ஏ.டி. அண்ட் டி., வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனிகளின் காப்புரிமைப்படி உரிமம் பெற்றது என்று அச்சடித்திருக்கும். வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்தான் பேசும் படத்துக்கு ஒலிக்கருவி கொடுத்த பெரிய கம்பெனி. ஆகக் கொட்டகை வால்வும் கிடார் வால்வும் பங்காளிகள்.

கதை இதோடு நிற்கவில்லை. லண்டனில் ஜிம் மார்ஷல் என்ற டிரம்ஸ் வாத்தியார் 1960-ல் ஒரு இசைக்கருவிக் கடை போட்டார். அமெரிக்கப் பெட்டி வாங்க இளைஞர்களுக்குக் காசு பத்தவில்லை. கடையில் ரிப்பேர் பார்த்த கென் பிரானும், இ.எம்.ஐ.யில் பயிற்சியில் இருந்த டட்லி கிரேவன் என்ற பையனும் ஃபெண்டரின் பாஸ்மேன் 5எஃப்6-ஏ சர்க்யூட்டை அப்படியே எடுத்து, இங்கிலாந்தில் கிடைத்த சாமான்களைப் போட்டு 1962-ல் ஒரு பெட்டி செய்தார்கள். அதுதான் ஜே.டி.எம். 45. பாஸ்மேனில் முதல் வால்வு 12ஏஒய்7. இவர்கள் போட்டது இ.சி.சி. 83. இதற்குப் பெருக்கம் அதிகம். ஸ்பீக்கர் வேறு, டிரான்ஸ்ஃபார்மர் வேறு. சாமானை மாற்றியதால் சத்தமும் மாறியது; ராக் இசைக்கே அது அடையாளம் ஆகிவிட்டது. கையில் கிடைத்ததைப் போட்டு வேலையை முடிக்கும் இந்தப் புத்தி நம்ம ஊர்ப் பட்டறைகளில் தினமும் நடப்பதுதானே!

மெக்கானிக் பெரியவர் சொன்ன 'மனுசனுக்குத்தான் வேற' என்பதற்கு இப்போது வருகிறேன். மைக்செட்காரருக்கு 'சவுண்டு கிழியுது' என்றால் அவமானம். உடனே வால்யூமைக் குறைப்பார். கிடார்காரனுக்கு அந்தக் கிழிசல்தான் வேண்டும். கிடாரில் இருந்து வருவது சுமார் 100 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12ஏஎக்ஸ்7 வால்வில் (இ.சி.சி. 83-க்கு அமெரிக்கப் பெயர்) ஒரு பாதியை, ஒரு லட்சம் ஓம் பிளேட் ரெசிஸ்டர், 1,500 ஓம் கேத்தோடு ரெசிஸ்டர் போட்டு இணைத்தால் ஏறக்குறைய 60 மடங்கு பெருக்கும். 6 வோல்ட் ஆயிற்று. அதை அப்படியே இன்னொரு பாதிக்குக் கொடுத்தால் அது தாங்காது, அலையின் தலை மழுங்கும். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் பெரும்பாலும் கத்தியால் வெட்டியது போல் தலையைச் சீவிவிடும். வால்வு சற்று வளைந்து கொடுக்கும், அதிலும் ஒரு பக்கம் அதிகமாக, மறுபக்கம் குறைவாக. அப்போது புதிய ஸ்வரங்கள் உள்ளே கலக்கின்றன. ஓங்கித் தட்டினால் பவர் சப்ளை ஒரு கணம் தொய்ந்து மீளும். அதுவும் காதுக்குச் சுகம். இதில் மந்திரம் ஒன்றுமில்லை, காசு கூடக் கொடுத்தால் இன்னும் நன்றாகக் கேட்கும் என்று விற்பவர்கள் சொல்வதில் பாதி புருடா.

சரி, படிப்பது எதில்? என் அனுபவத்தில் தேறியவற்றைச் சொல்கிறேன்.

முதலில் ஆர்.சி.ஏ. ரிசீவிங் டியூப் மானுவல். மேலே சொன்ன கையேடு இதுபோன்றதுதான். முன்பகுதியில் வால்வு எப்படி வேலை செய்கிறது என்ற பாடம், நடுவில் ஒவ்வொரு வால்வுக்கும் விவரம், கடைசியில் சர்க்யூட்டுகள். 1975-ல் வந்த ஆர்.சி. 30 கடைசிப் பதிப்பு. பள்ளியில் இயற்பியல் ஒழுங்காகப் படித்தவனுக்கு இது போதும்.

அடுத்தது லாங்ஃபோர்ட்-ஸ்மித் தொகுத்த ரேடியோட்ரான் டிசைனர்ஸ் ஹேண்ட்புக். ஆஸ்திரேலியாவில் பிறந்த புத்தகம். 1950-களின் ஆரம்பத்தில் வந்த நான்காம் பதிப்பு சுமார் 1,500 பக்கம். தலையணைக்கு வைக்கலாம். முதல் பக்கத்தில் இருந்து படிக்க ஆரம்பித்தவன் எவனும் முடித்ததில்லை. தேவைப்படும்போது தேவைப்படும் அத்தியாயத்தைத் திறக்க வேண்டும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பற்றியும், எதிர்ப் பின்னூட்டம் பற்றியும் அதில் இருக்கும் தெளிவை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. முல்லார்டு கம்பெனி 1959-ல் போட்ட ஆடியோ ஆம்ப்ளிஃபயர் சர்க்யூட்டுகள் புத்தகமும் வைத்துக்கொள்ள வேண்டியது. இரண்டு இ.எல். 84 போட்டு 10 வாட் எடுக்கும் '5-10' அதில்தான் இருக்கிறது. 1947-ல் வயர்லெஸ் வேர்ல்டு பத்திரிகையில் வில்லியம்சன் எழுதிய ஆம்ப்ளிஃபயர் கட்டுரையும் பேர் போனது. ஆனால் அவர் துரத்தியது சுத்தமான சத்தத்தை. கிடார்காரனுக்கு நேர் எதிர்த்திசை!

கிடாருக்கென்றே எழுதியவை பிறகு வந்தவை. மெர்லின் பிளென்கோவ் 2009-ல் வெளியிட்ட 'டிசைனிங் டியூப் ப்ரீஆம்ப்ஸ் ஃபார் கிடார் அண்ட் பேஸ்' என் முதல் சிபாரிசு. ஒவ்வொரு ரெசிஸ்டரும் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கணக்கோடு சொல்கிறார். ரிச்சர்ட் கியூனல் பாஸ்மேன் 5எஃப்6-ஏ என்ற ஒரே ஒரு பெட்டிக்கு ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார். ஆரம்பக்காரனுக்கு வேண்டாம், இறுதியாண்டு மாணவனுக்கு விருந்து. மோர்கன் ஜோன்ஸின் 'வால்வ் ஆம்ப்ளிஃபயர்ஸ்' (1995) ஹை-ஃபை பக்கம் சாய்ந்தது. என்றாலும் பவர் சப்ளை படிக்க நல்லது. கணக்கே வேண்டாம், அடிப்படை மட்டும் வேண்டும் என்பவருக்கு அமெரிக்கக் கடற்படை தன் சிப்பாய்களுக்காக எழுதிய பாடத் தொகுதியில் ஆறாவது புத்தகம் போதும். பட்டிக்காட்டானுக்கும் புரியும்படி எழுதியிருக்கிறார்கள்.

தமிழில் என் கைக்குக் கிடைத்தவை எல்லாம் ரேடியோ ரிப்பேர் புத்தகங்கள்தான். அவற்றையும் தள்ளிவிடாதீர்கள். தவறு கண்டுபிடிக்கும் முறை இருக்கிறதே, அதில் நம் மெக்கானிக்குகளுக்கு இணை கிடையாது. 'சாக்கெட்டைத் தட்டிப் பாரு, வால்வைத் தட்டிப் பாரு, அப்புறம் மீட்டரை எடு' என்ற வரிசை எந்த ஆங்கிலப் புத்தகத்திலும் அவ்வளவு சுருக்கமாக இல்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லியாக வேண்டும். வால்வு பெட்டிக்குள் 300-இல் இருந்து 450 வோல்ட் டி.சி. ஓடும். சுவிட்சை அணைத்தாலும், பிளக்கைப் பிடுங்கினாலும், கண்டன்சரில் அது தங்கியிருக்கும். ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டர் வைத்துப் பார்த்து, அப்புறம்தான் கை வைக்க வேண்டும். பெரியவர் ஒரு கையை எப்போதும் இடுப்பில் வைத்துக்கொண்டுதான் வேலை பார்ப்பார். இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும். இன்னொன்று: பழைய 'ஏசி/டிசி' ரேடியோக்கள் சிலவற்றில் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரே இருக்காது. வால்வு ஃபிலமெண்ட்டுகளை வரிசையாக இணைத்து நேரே மெயின்ஸில் போட்டிருப்பார்கள். பிளக் திரும்பிப்போனால் சேஸிஸில் 230 வோல்ட். அதில் கிடாரைச் செருகினால் கம்பியைத் தொட்ட விரல் பிழைக்காது. பழைய ரேடியோவைக் கிடார் பெட்டியாக மாற்ற நினைக்கும் தம்பிகள் முதலில் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா என்று பாருங்கள்.

நம் சீமையில் கிடாரும் அன்னியம் அல்ல. அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைபுரத்தில் இருந்து, அண்ணன் பாவலர் வரதராஜனோடு மேடை மேடையாகக் கட்சிக் கூட்டங்களில் வாசித்த தம்பிதான், பின்னால் சென்னையில் கிடார் கலைஞராக இருந்து, 1976-ல் 'அன்னக்கிளி' மூலம் இளையராஜா ஆனார். அந்தக் கூட்டங்களுக்கு மைக்செட் போட்ட கைகள் யாருடையவை என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. 2000-இல் வந்த ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை போட்டன. கூம்புக் குழாய்க்கும் நெருக்கடி வந்தது. தூங்குகிறவர்களுக்கு அது நல்லதுதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மெக்கானிக்குகளின் பிள்ளைகள் செல்போன் கடைக்குப் போய்விட்டார்கள்.

வால்வு இன்றும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளில் தயாராகிறது; வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் கிடார்காரர்கள். சாமான் கிடைக்கும், ஆங்கிலப் புத்தகமும் கணினிப் படியாகக் கிடைக்கும். கிடைக்காதது மேலூர் பெரியவரின் நோட்டு. எண்பது பக்க நோட்டு, பள்ளிக்கூடத்துக் கோடு போட்டது. எந்த அஹுஜா பெட்டியில் எந்த ரெசிஸ்டர் முதலில் கருகும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு எத்தனை சுற்று, எந்த வால்வுக்குப் பதில் எதைப் போடலாம் என்று பென்சிலில் எழுதியது. பாதிப் பக்கம் எண்ணெய்க் கறை. அவர் அனுமதியோடு அதைப் படமெடுத்து, இதுவரை முப்பத்திரண்டு பக்கம் தெளிவாக எழுதி முடித்திருக்கிறேன். மீதியில் சில சுருக்கெழுத்துகள் புரியவில்லை. மாதம் ஒருமுறை போய் அவரிடமே கேட்டு வருகிறேன். இப்படி நோட்டு வைத்திருக்கும் மைக்செட்காரர் உங்கள் ஊரிலும் இருக்கக்கூடும். திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி பக்கம் இருந்து வரும் நண்பர்கள் விசாரித்து, கூட்டத்தன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பிடியுங்கள். ஒரு வால்வு பெட்டியும் கிடாருமாக எலெக்ட்ரானிக்ஸ் லேப் வாசலில்தான் இருப்பேன்.