படத்தின் கீழுள்ள பெயர்கள்

யாழ்ப்பாணத்துக் கல்லூரி மலர்களை ஆராயப் புகுவோர் அதிபரின் அறிக்கையையும் கட்டுரைகளையுமே முதலிற் புரட்டுவர். குழுப்படங்களின் கீழே சிற்றெழுத்தில் அமைந்த பெயர் வரிகளைப் பொருட்படுத்துவோர் சிலரே. ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல மதிப்பு ஏறுவது அவ்வரிகளுக்கேயாம்.

1841ஆம் ஆண்டில் உதயதாரகை வெளிவந்தபோது, நிழற்படத்தை எழுத்தோடு சேர்த்துப் பத்திரிகையில் அச்சிடும் முறை உலகில் எங்கும் வழக்கில் இல்லை. அந்நூற்றாண்டின் இறுதியிலேயே படத்தைப் புள்ளிகளாக்கி உலோகத் தகட்டிற் பொறிக்கும் முறை பரவிற்று. "புளொக்" எனப்பட்ட அத்தகட்டின் கீழே ஈய எழுத்துக்களைக் கோத்துப் பெயர்களை அமைத்தனர். யாழ்ப்பாணக் கல்லூரியின் "மிசெலனி", இந்துக் கல்லூரியின் "இந்து இளைஞன்" போன்ற மலர்கள் வளர, இவ்வரிக்கும் ஒரு மரபு உண்டாயிற்று. "இருப்போர், இடமிருந்து வலம்" என்பது தொடக்கம், அடுத்து "நிற்போர்", வரிசை வரிசையாக, ஈற்றில் "சமுகமளிக்காதோர்". இக்கடைசிச் சொல்லின் நேர்மை பாராட்டற்குரியது. அன்று காய்ச்சலாகக் கிடந்த மாணவனும் அணியைச் சேர்ந்தவனன்றோ?

ஒரு வகுப்பில் மூன்று கந்தசாமிகள் இருந்த நாட்டிலே, தந்தை பெயரின் முதலெழுத்தை விடுவது ஆளையே விடுவதற்கு ஒப்பாகும். வேறொரு இடரும் உண்டு. தகடு செய்பவர் நெகற்றிவைப் புரட்டி வைத்துவிட்டால், இடம் வலமாகி எல்லாப் பெயர்களும் மாறிவிடும். மேற்சட்டையின் இலச்சினை வலமார்பிலே தெரிந்தால் படம் புரண்டதென ஐயுறலாம்.

பரிசளிப்பு விழாப் படங்களிலோ பெருங்குறை ஒன்று காணப்படும். பரிசு வழங்கும் பிரமுகரின் பெயர் பட்டங்களோடு நிற்கும். பெறுபவர் "மாணவி ஒருவர்" ஆவார். நெடுங்காலம் வாழப்போகின்றவள் அச்சிறுமியே.

1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் அந்நாட்களிலேயே தீக்கிரையாயிற்று. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது, பெட்டகங்களில் இருந்த குடும்பப் படங்களும் பல வீடுகளில் இல்லாமற் போயின. அத்தகைய குடும்பத்துக்குப் பாட்டனாரின் இளமை முகம் ஏதோவொரு கல்லூரி மலரில் மட்டுமே எஞ்சியிருக்கலாம்.

2005ஆம் ஆண்டிலே தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் இன்று அத்தகைய மலர்கள் பல வாசிக்கக் கிடைக்கின்றன. ரொறன்ரோவிலே பிறந்த பேரன் முகத்தை அறியான், பெயரையே அறிவான். "மாணவ முதல்வர் சபை" என்று மட்டும் அச்சிட்ட படத்தில் அவனுக்கு எவரும் கிடையார். மூன்றாம் வரிசையில் ஏழாவது பெயர் என்றிருந்தாலோ, விரல்வைத்து எண்ணிச் சென்று அம்முகத்தை அடைவான்.