தோட்டத்து நாயும் காட்டு விலங்கும்: யாருக்குப் பலம் அதிகம்?

விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவர்களின் பின்னால் நாயும் போவது தோட்டங்களில் பழைய வழக்கம். செம்பனைக் குலை வெட்டுபவர்களும் நாய் கூட இருந்தால் ஒரு தைரியம் என்பார்கள். அந்தத் தைரியத்துக்குக் காரணம் உண்டு. ஆனால், புலியோ காட்டுப் பன்றியோ எதிரில் வந்தால் நாய் பார்த்துக்கொள்ளும் என்று எண்ணுவது தவறு. நாயால் முடிந்தது எது, முடியாதது எது என்று தெரிந்திருந்தால் நாயும் பிழைக்கும், வளர்ப்பவரும் பிழைப்பார்.

நாய்க்கு வாய் மட்டுமே ஆயுதம்

தோட்டங்களில் வளரும் நாட்டு நாய் பெரும்பாலும் 20 கிலோவுக்குள்தான் இருக்கும். சண்டையில் அதற்கு உதவுவது வாய் ஒன்றுதான். அதன் கால் நகங்கள் ஓடும்போது மண்ணைப் பற்றிக்கொள்வதற்கு உரியவை. கிழிப்பதற்கு உரியவை அல்ல.

புலி, சிறுத்தை போன்ற பூனை இனங்கள் அப்படியல்ல. உள்ளே மடங்கும் கூரிய நகங்களால் இரையைப் பிடித்துச் சாய்த்து, கழுத்தைக் கவ்வும். நாய்க்கோ முன்னங்காலால் பிடிக்கவும் தெரியாது, கட்டிப் புரளவும் தெரியாது. ஆண் மலாயாப் புலி சுமார் 120 கிலோ எடையை எட்டும். அதன் எதிரில் நாய் ஓர் இரை மட்டுமே.

தீபகற்ப மலேசியாவில் உள்ள சிறுத்தைகளில் பெரும்பாலானவை கருஞ்சிறுத்தைகள். புலியைவிட எடை குறைவு என்றாலும், நாயைத் தூக்கிச் செல்ல அந்த எடை போதும். சிறுத்தைக்கு நாய் எளிதில் கிடைக்கும் இரை. இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில், வயல்வெளிகளை ஒட்டி வாழும் சிறுத்தைகளின் எச்சத்தை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2014இல் வெளிவந்தது. அவை தின்ற இரையில் நாய்க்கே முதலிடம் என்று அதில் தெரிந்தது.

பன்றி, கரடி, பாம்பு

காட்டுப் பன்றியைப் பல நாய்கள் சேர்ந்து வளைத்து நிறுத்திவிடும். ஆனால், ஆண் பன்றியின் கொம்புப் பல் கீழிருந்து மேல்நோக்கிக் கிழிக்கக்கூடியது. நாயின் வயிறும் தொடையும்தான் முதலில் காயப்படும். வெளியே சிறியதாகத் தெரியும் காயம் உள்ளே ஆழமாக இருக்கலாம்; உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சூரியக் கரடி உருவத்தில் சிறியது. ஆனாலும் நீண்ட நகமும் வலுவான தாடையும் உடையது. அதன் கழுத்துத் தோல் தளர்வானது. நாய் கழுத்தைக் கவ்வினாலும் கரடி தோலுக்குள்ளேயே உடலைத் திருப்பிக் கடித்துவிடும்.

மலைப்பாம்பு எலியைத் தேடிச் செம்பனைக் காட்டுக்கும் வீட்டுக் கால்வாய்க்கும் வருகிறது. குட்டி நாய்களும் சிறிய நாய்களும் இரவில் அதற்கு இரையாகின்றன. அது சுற்றி இறுக்கும்போது இரத்த ஓட்டம் தடைபட்டு இரை சீக்கிரம் மயங்கிவிடும். விஷத்தைப் பீய்ச்சும் கருநாகம் நாயின் கண்ணைக் குறிவைக்கும். அப்படி நடந்தால் சுத்தமான தண்ணீரால் கண்ணைத் தொடர்ந்து கழுவ வேண்டும்.

பலம் மூக்கிலும் காதிலும்

பூனை இன விலங்குகள் பதுங்கி வந்து பாய்பவை. தான் இருப்பது தெரிந்துவிட்டால் பாய்ச்சலின் பயன் பாதி போய்விடும். நாயின் மூக்கும் காதும் மனிதனுக்கு முன்பே அதைக் கண்டுபிடித்துவிடும். குரைக்கும் நாய் காவல்காரனின் வேலையைச் செய்கிறது. அதனிடம் எதிர்பார்க்க வேண்டியதும் அவ்வளவுதான்.

நாய் ஒரே பக்கம் பார்த்து உறுமினால், அல்லது வாலை ஒடுக்கிக்கொண்டு காலடிக்கு வந்தால், அந்தத் தீம்பாரை விட்டு வெளியேறுவதே சரி. நாயை ஏவிவிடக் கூடாது. கரடியோ பன்றியோ திருப்பித் துரத்தினால் நாய் ஓடி வருவது வளர்ப்பவரிடம்தான். துரத்தும் விலங்கும் கூடவே வரும்.

காட்டோரம் சங்கிலியில் கட்டிய நாயால் ஓடவும் முடியாது. இரவில் அதை வீட்டுக்குள்ளோ கம்பி வலைக் கூண்டிலோ அடைப்பது நல்லது.

நாயின் நோய், புலியின் சாவு

பலத்தில் நாய் புலியிடம் தோற்கும். நாய்களைத் தாக்கும் ஒரு நோயோ புலியையே சாய்த்திருக்கிறது. 2019 ஜூலையில் திரெங்கானு, டுங்குன் அருகே கம்போங் பெசூலில் ஒரு புலி மனிதர்களுக்கு அஞ்சாமல் ஊருக்குள் நடமாடியது. அதைப் பிடித்து, பேராக், சுங்கையில் உள்ள தேசிய வனவிலங்கு மீட்பு மையத்துக்குக் கொண்டு சென்றனர். சில நாள்களில் அது இறந்தது. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் கிருமி அதன் உடலில் இருந்தது உறுதியானது.

இது வெளிநாட்டிலும் நடந்திருக்கிறது. 1994இல் தன்சானியாவின் செரங்கெட்டி காட்டில் இதே கிருமியால் சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மடிந்தன. சுற்றுவட்டாரக் கிராமத்து நாய்களிடமிருந்து அது பரவியதாக ஆய்வாளர்கள் கருதினர்.

மலேசியக் காடுகளில் இப்போது 150க்கும் குறைவான புலிகளே எஞ்சியுள்ளன. அவற்றின் முக்கிய இரைகளில் ஒன்றான காட்டுப் பன்றியும் 2021இல் நாட்டுக்குள் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலால் மடிந்தது. இரை குறையும்போது புலி தோட்டத்தை நோக்கி வரும் வாய்ப்பு கூடுகிறது. நோயுள்ள நாய் அங்கே கிடைத்தால் நட்டம் இரண்டு பக்கமும்தான்.

செய்ய வேண்டியவை

நாய்க்குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஸ்டெம்பர் தடுப்பூசியைத் தொடங்கி, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர வேண்டும். ரேபிஸ் தடுப்பூசியும் அவசியம். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும், 2017இல் சரவாக்கிலும் அந்நோய் தலைகாட்டியது நினைவிருக்கலாம். நாயோ வேறு விலங்கோ மனிதரைக் கடித்தால், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே கிளினிக் அல்லது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

புலியின் கால்தடத்தைக் கண்டாலோ, நாய்கள் அடுத்தடுத்துக் காணாமல் போனாலோ தோட்ட நிர்வாகத்துக்கும் பெர்ஹிலித்தான் அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் 999ஐ அழைக்கலாம். கண்ணி வைப்பதும் விஷம் வைப்பதும் கூடாது. புலி முழுப் பாதுகாப்பு பெற்ற விலங்கு; அதற்குக் கேடு செய்தால் சிறைத் தண்டனை உண்டு. வைத்த கண்ணியில் சொந்த நாயே மாட்டிக்கொள்ளவும் கூடும்.